மீன் வருவதற்கு முன் 40 நாள்

(கடலூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பது எப்படி, அதை வகுப்பறைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று பேசச் சொன்னார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு ஆசிரியர் கேட்டார்: "முதுநகரில் கடலே வாசலில் இருக்கிறது, தொட்டி எதற்கு சார்?" நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதுநகர்ப் பிள்ளைகளுக்குக் கடலின் மேல்தளம் தெரியும். வலையில் ஏறி வந்த மீனைத் தெரியும். சங்கரா எது, மடவை எது, கொடுவா எது என்று நம்மைவிட வேகமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தண்ணீருக்குள் மீன் எப்படி வாழ்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. காரணம், நம் கரையோரக் கடல் கலங்கலானது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக ஆறுகள் வண்டலையும் நன்னீரையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்கு அந்த வண்டல்தான் உரம். பவளத்துக்கோ அதுவே எதிரி. தெளிந்த நீர், மாறாத உப்பு, நல்ல வெளிச்சம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் பவளம் வளரும். ஆகவேதான் நம் பக்கம் பவளத்திட்டு கிடையாது. தமிழ்நாட்டின் பவளத்திட்டுகளைப் பார்க்க மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைப் பக்கமும் போக வேண்டும்.

மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். முத்து விளைந்த இடம் முத்துப்பார். நாம் அமைக்கப் போவது ஒரு சின்னப் பார். ஆனால் உயிருள்ள பவளம் இல்லாத பார். ஏன் இல்லை என்பதை நடுவில் சொல்கிறேன். இந்த உரையில் முக்கியமான பகுதி அதுதான்.

பழைய கதை கொஞ்சம்

இந்த முயற்சி புதிதல்ல. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் பார்க்க மீன்கூடம் திறந்தார்கள். 1909இல் நம் சென்னை மெரினாவிலேயே கடல்வாழ் உயிர்களின் காட்சிக்கூடம் ஒன்று வந்துவிட்டது. வீட்டுத் தொட்டியைப் பொறுத்தவரை, 1961இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். கடலிலிருந்து உயிர் ஒட்டிய பாறையும் கடல்நீரும் கொண்டுவந்து, காற்றுக்குமிழி மட்டும் விட்டுத் தொட்டியை நன்றாக வைத்திருக்கலாம் என்று காட்டினார். பெரிய வடிகட்டி எதுவும் இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுத்தமாக இருந்தது? பாறையின் நுண்துளைகளில் குடியிருந்த பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்தன. இன்றைய கடல்நீர்த் தொட்டிகள் எல்லாம் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

கண்ணாடியும் எடையும்

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்போம். உண்மையில் அதுதான் கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் சட்டென்று மாறிவிடும். நான் சொல்லும் அளவு 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். 40 செ.மீ. வரை நிரப்பினால் 144 லிட்டர். மணலும் பாறையும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 120 லிட்டர் தண்ணீர்.

இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். கனஅளவு பாடம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு எடை. தண்ணீர், கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 200 கிலோ. மூன்று பெரியவர்கள் ஓயாமல் ஏறி நிற்பது மாதிரி. வகுப்பறை பெஞ்சு தாங்காது. இரும்புச் சட்டத்தில் தாங்கி செய்து, மேலே பலகையும் அதன்மேல் தெர்மாகோல் தாளும் போட்டு வையுங்கள். நேர் வெயில் படும் சன்னலோரம் வேண்டாம்.

மின்சாரத்தில் கவனம் தேவை. உப்புநீர் நன்றாக மின்சாரம் கடத்தும். ஒயர் தொட்டியிலிருந்து கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலேறி பிளக்குக்குப் போக வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக ஓடும் நீர்த்துளி பிளக்கைத் தொடாமல் கீழே சொட்டும். மின்கசிவு வந்தால் தானே அணையும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத இடத்தில் தொட்டி வைக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகே பிள்ளைகள் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

கடல்நீர் என்பது உப்புத் தண்ணீர் அல்ல

"கல்லுப்பைக் கரைத்தால் போதாதா சார்?" என்று எந்த வகுப்பிலும் ஒருவராவது கேட்பார். கேட்க வேண்டும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் குளோரைடு 19 கிராம், சோடியம் 11 கிராம் அளவு. மீதியில் சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4 கிராம். உப்பளத்தில் என்ன நடக்கிறது? நீர் வற்றும்போது முதலில் கால்சியம் சேர்மங்கள் படிகின்றன. அப்புறம் சோடியம் குளோரைடு படிகிறது. மக்னீசியம் கடைசியில் நிற்கும் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. நாம் வாரிக்கொண்டு வருவது நடுவில் படிந்ததை மட்டும். அதைத் திரும்பக் கரைத்தால் கடல் வராது. அயோடின் கலந்த சமையல் உப்பும் உதவாது.

எனவே இரண்டு வழி. ஒன்று, மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவை. 120 லிட்டருக்கு 35 கிராம் வீதம் 4,200 கிராம், அதாவது 4.2 கிலோ. குழாய்நீரில் குளோரின் இருக்கும், ஆழ்குழாய் நீரில் வேறு பலவும் இருக்கும். ஆர்.ஓ. நீரில் கரைப்பது நல்லது.

இரண்டாவது வழி, நம் கடலின் நீர். கெடிலமும் பரவனாறும் சேரும் துறைமுக வாயில் நமக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே எடுக்காதீர்கள். படகுகளின் டீசல், ஊர்க் கழிவு, ஆற்றோரத் தொழிற்சாலைப் பகுதி எல்லாம் சேரும் நீர் அது. கடலுக்குப் போகும் படகில் சொல்லிவிட்டு, கரையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, கோடையில் எடுக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் கலந்து உப்பு இறங்கிவிடும். கொண்டுவந்த நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்த பிறகு பயன்படுத்தலாம். இந்த வழியில் ஒரு லாபம் உண்டு. எந்த இடத்தில் நீர் தெளிவு, எந்த மாதத்தில் கலங்கல் என்று கேட்டுவர நாம் மாணவரின் அப்பாவிடம் போகிறோம். வகுப்பில் ஒதுங்கி உட்காரும் ஒரு பிள்ளையின் வீட்டு அறிவு அன்றைக்கு வகுப்புக்குப் பாடமாகிறது.

உப்பு சரியா என்று பார்க்க ஒரு மிதவை மானி போதும். அடர்த்தி எண் 1.025 காட்ட வேண்டும். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் படத்தில் காட்டுவதைவிட, நன்னீரில் அமிழ்ந்து உப்புநீரில் எழும்பி நிற்கும் அந்த மானியைக் காட்டலாம்.

பவளம் இல்லாத பார்

தண்ணீர் தயார். அடியில் சுத்தமாகக் கழுவிய கிளிஞ்சல் துருவலும் கரடு மணலும் இரண்டு அங்குலம். கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். நீர் அமிலத்தன்மை அடையாமல் அது ஓரளவு தாங்கும். கடல்நீரின் பி.எச். மதிப்பு 8.1 முதல் 8.3 வரை இருக்க வேண்டும். மேலே பாறை அடுக்குகிறோம். இங்கேதான் நாம் நிற்க வேண்டும்.

பவளப்பாறைத் துண்டு கிடைக்குமா என்று தேடினால் கிடைத்துவிடும். "இது செத்த பவளம்தான் சார்", "இது வெளிநாட்டுச் சரக்கு, பிரச்சினை இல்லை" என்று சொல்வதற்கும் ஆள் இருக்கும். வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் 2001இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. கடல்குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி, ராட்சத மட்டி ஆகியவையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. செத்த துண்டை வாங்குவதும் விற்பதும்கூடக் குற்றமே.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனதும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. இன்றைக்கு வரைபடத்தில் 21 என்று எண்ணிச் சொல்கிறோம். நீருக்கு மேலே நிற்பவை 19தான். வெட்டுவது நின்ற பிறகும் ஆபத்து நிற்கவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்கு நிறமும் பெரும்பங்கு உணவும் தருகின்றன. கோடை வெப்பம் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடிப் பல வாரம் நீடித்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. அப்புறம் அது பட்டினிதான்.

எனவே நம் தொட்டியில் பாறை வேறு வகை. சிமெண்டும் கிளிஞ்சல் துருவலும் கல்லுப்பும் கலந்து வார்த்து, காய்ந்த பின் நீரில் ஊறவைத்தால் உப்பு கரைந்து துளைத்துளையான பாறை கிடைக்கும். சிமெண்டின் காரம் இறங்கும்வரை, நாலைந்து வாரம், நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பி.எச். 8.3க்கு மேல் ஏறாதபோது பாறை தயார். உடைந்த சுட்ட மண்சட்டித் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பாக்டீரியாவுக்குத் துளைதான் வேண்டும், பவளம் அல்ல.

இதில் பணமும் மிச்சம். பவளம் வைத்தால் விலையுயர்ந்த விளக்கு வேண்டும், நீரைக் குளிரவைக்கும் கருவி வேண்டும், கால்சியம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் மட்டும் என்றால் சாதாரண எல்.இ.டி. விளக்கு, நீரோட்டம் தரும் ஒரு சிறு மோட்டார், காற்று பம்பு போதும்.

என் தொட்டியைப் பார்க்க வந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பாறை இருக்கு, பவளம் எங்க சார்?" என்றாள். அந்தக் கேள்வி வந்தபோதுதான் தொட்டி வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றியது. பாறையின் உச்சியில் ஒரு இடத்தைக் காலியாகவே விட்டு, வெளியே கண்ணாடியில் "இந்த இடத்தில் பவளம் ஏன் இல்லை?" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். தேடிவரச் சொல்லுங்கள்.

அந்த 40 நாள்

இப்போது எல்லாம் இருக்கிறது, மீன் இல்லை. பிள்ளைகள் துடிப்பார்கள். நமக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் இன்று மீனை விட்டால் அது சாகும். மீனின் கழிவில் அம்மோனியா உண்டு. மூடிய தொட்டியில் அது போக வழியில்லை. பி.எச். உயர்ந்த கடல்நீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை.

நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துகிறோம். அதை இங்கே கண்ணெதிரே நடத்தலாம். உரித்த இறால் ஒன்றை ஒரு சின்ன வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். "தண்ணிக்கு ஏன் சார் சோறு போடுறீங்க?" என்று கேட்டான் ஒரு பையன். சரியாகத்தான் கேட்டான். இறால் அழுகி அம்மோனியா வரும். அதை உண்ணும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சு. பிறகு நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா வகைகள் அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அளவோடு இருந்தால் மீன் தாங்கும்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் நிறம் மாறும் சோதனைத் திரவங்கள் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு குழு சோதித்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கட்டும். முதலில் ஒரு கோடு ஏறி இறங்கும். அது இறங்கும்போது இரண்டாவது ஏறும். அதுவும் இறங்க, மூன்றாவது மெல்ல உயரும். முதல் இரண்டும் பூஜ்யத்தைத் தொட ஏறத்தாழ 40 நாள் ஆகும். சில தொட்டிகளில் முன்னே பின்னே இருக்கும். நாள்காட்டியை நம்ப வேண்டாம், சோதனையை நம்புங்கள். "சார், இன்னைக்கு மீன் விடலாமா?" என்று கேட்டால், "வரைபடத்தைக் கேள்" என்று சொல்லுங்கள். ஆசிரியர் சொன்னதால் அல்ல, சான்று சொன்னதால் ஒரு முடிவு எடுப்பது பிள்ளைகளுக்குப் பழக்கமாகட்டும்.

எந்த மீன்?

பிள்ளைகள் 'நீமோ' என்பார்கள். கோமாளி மீன். 2003இல் வந்த படத்தால் உலகம் முழுக்கத் தெரிந்த மீன். கடலில் பிடித்தது வேண்டாம். பண்ணையில் பிறந்த குஞ்சை மட்டும் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், நம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் செய்து காட்டியிருக்கின்றன. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் அந்த மையத்தின் அருங்காட்சியகத்துக்கு, முன்அனுமதி பெற்று, மாணவர்களை ஒரு நாள் அழைத்துப் போங்கள்.

இந்த மீனைப் பற்றி உயர்நிலை வகுப்பில் சொல்ல நிறைய இருக்கிறது. எல்லாக் குஞ்சும் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அது இறந்தால் அதன் துணையான ஆண், பெண்ணாக மாறும். முட்டையைக் காத்து, துடுப்பால் விசிறி, காற்றோட்டம் தருவது பெரும்பாலும் அப்பா மீன்தான். முட்டை ஒரு வாரத்தில் பொரியும். கடல்சாமந்தி இல்லாமலும் இது தொட்டியில் வாழும். கடல்சாமந்தியை வைத்துக் காப்பது கடினம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

120 லிட்டருக்கு ஒரு சோடி போதும். ஒரு மாதம் கழித்துத் துறவி நண்டு ஒன்றிரண்டு. அவ்வளவுதான்.

வெயில், மின்தடை, விடுமுறை

நீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. நம் ஊர் மே மாதம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறி காற்று வீசினால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அல்ல. 6 லிட்டர் ஆவியானால் 4,200 கிராம் உப்பு 114 லிட்டரில் இருக்கும். லிட்டருக்கு 36.8 கிராம். இப்போது என்ன ஊற்ற வேண்டும், கடல்நீரா நன்னீரா? கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். விடை நன்னீர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீர் மாற்றும்போது மட்டும், 12 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டு, 420 கிராம் உப்புக் கலவை கரைத்த புது நீர்.

மின்சாரம் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று கடலூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அந்த நாட்களில் தீனி போடாதீர்கள்.

பள்ளி நாள்காட்டியோடு பொருத்திக்கொள்ளுங்கள். பாறையைக் கோடையிலேயே வார்த்து ஊறவைத்து, ஜூனில் தண்ணீர் நிரப்பி, ஜூலை முழுக்கச் சோதனை நடத்தினால், சுதந்திர தினத்தை ஒட்டி மீன் வரும். விடுமுறையில் யார் பார்ப்பது என்று பெயர் எழுதிய பட்டியல் இல்லாமல் தொடங்க வேண்டாம். கோமாளி மீன் நன்றாகப் பார்த்தால் பத்து ஆண்டுக்கு மேல் வாழும். நமக்கு அதற்குள் எத்தனை இடமாறுதல் கலந்தாய்வு வரும்! அதனால்தான் தொட்டி உங்கள் வீட்டில் இருந்து, பிள்ளைகள் முறை வைத்து வந்து பார்ப்பதும் நல்ல ஏற்பாடு என்கிறேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கடலில் விடக் கூடாது. 1980களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் தென்படத் தொடங்கிய சிங்கமீன், தொட்டி வளர்ப்பிலிருந்து போனதாகவே கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள மீன்குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு

உங்கள் பிள்ளைகளுக்கு வேதியியல் வேண்டாம். பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பார்த்து, பார்த்ததை மட்டும் சொல்லட்டும். "மீன் சந்தோஷமாக இருக்கு" என்று ஒரு குழந்தை சொன்னால், "எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். "துடுப்பை வேகமா ஆட்டுது" என்று வரும். உற்றுநோக்கல் என்பது அங்கே தொடங்குகிறது. வீட்டில் அந்த மீனுக்கு, நண்டுக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டுவரச் செய்து, ஒரு சொற்பட்டியல் தயாரியுங்கள். புத்தகத்தில் இல்லாத பல சொற்கள் அதில் இருக்கும்.

எல்லோரும் நாளைக்கே தொட்டி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வட்டாரத்தில் ஒரு ஆசிரியர் வைத்தால் போதும், மற்றப் பள்ளிகள் போய்ப் பார்க்கலாம். வைக்கிறவர்கள் முதல் 40 நாளை மட்டும் குறைத்துவிடாதீர்கள். மீன் இல்லாத தொட்டியின் முன்னால் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள், மீன் வந்த பிறகு கேட்பவற்றைவிடக் கூடுதலாக இருக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், மிதவை மானியையும் சோதனைத் திரவங்களையும் கொண்டுவந்திருக்கிறேன், செய்தே பார்த்துவிடலாம்.